‘கடித்த பிறகு வாருங்கள்’

பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் புகார் சொல்கிறவர்களுக்கு அறிவுரை கூறி, சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளிவந்திருந்தது. படித்து முடித்ததும் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. எழுதியவர் வீட்டில் நாய் இருக்கிறது. அவருடைய பக்கத்து வீட்டில் இல்லை. புகார் கொடுப்பவர்களில் மூன்று வகையாம்: பயந்தாங்கொள்ளிகள், பொறாமைக்காரர்கள், பிராணிகளைக் கண்டாலே ஆகாதவர்கள். மூவருக்கும் அவர் எழுதித் தரும் மருந்து ஒன்றே. பிஸ்கட் போடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அனுசரித்துப் போங்கள். போலீஸ், மாநகராட்சி என்று அலையாதீர்கள். அவர்களுக்கு ஆயிரம் வேலை, எப்படியும் ஒன்றும் செய்யப் போவதில்லை.

இதில் நான் மறுக்க முடியாதது கடைசி அரை வாக்கியம் மட்டும்தான். ஆனால் அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, ஆறுதலாகச் சொல்கிறார். அதிகாரிகளின் அலட்சியத்தைக் காட்டி, பாதிக்கப்பட்டவரை வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறார். அதனால்தான் இந்த எதிர்வினை.

கெட்ட நாய் என்று எதுவும் கிடையாது, கெட்ட வளர்ப்புதான் உண்டு என்பது அவருடைய முதல் வாதம். நல்லது, நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கட்டுரை அடுத்த பத்தியிலேயே வளர்த்தவரிடம் போயிருக்க வேண்டும். நாயை நாளில் எத்தனை மணி நேரம் கட்டிப்போடுகிறீர்கள்? வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களா? உரிமம் எடுத்தீர்களா? கேட்டின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா? தெருவில் கூட்டிப் போகும்போது சங்கிலி யார் கையில் இருக்கிறது, அந்தக் கைக்கு அந்த நாயை இழுத்து நிறுத்தும் வலு உண்டா? இதில் ஒரு கேள்விகூடக் கட்டுரையில் இல்லை. நாயை விடுதலை செய்த கையோடு உரிமையாளரையும் விடுவித்துவிட்டு, நேராகப் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைப் பிடிக்கிறார். தப்பு நாயுடையதும் இல்லை, வளர்த்தவருடையதும் இல்லை என்றால் கூண்டில் ஏற மிச்சம் இருப்பவர் கடிபட்டவர்தானே?

அவரைத்தான் இரண்டாவது வாதத்தில் ஏற்றுகிறார். பயத்தை நாய் மோப்பம் பிடித்துவிடும், பயப்படாமல் நின்றால் ஒன்றும் செய்யாது என்கிறார். 2024 மே 5 அன்று சென்னை நுங்கம்பாக்கம் மாடல் ஸ்கூல் ரோட்டில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கேயே தங்கியிருந்த காவலாளியின் 5 வயது மகளை இரண்டு ராட்வீலர்கள் குதறின. மண்டைத் தோல் பிய்ந்தது. பிடுங்கப் போன தாய்க்கும் காயம். அந்தக் குழந்தை என்ன செய்திருக்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர்? மூச்சை இழுத்துப் பிடித்துத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டுமா? 2023 ஜனவரியில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் உணவு கொண்டுபோன 23 வயது இளைஞர், வாடிக்கையாளர் வீட்டு ஜெர்மன் ஷெப்பர்ட் பாய்ந்து வந்ததும் மூன்றாவது மாடியிலிருந்து குதித்து, சிகிச்சை பலிக்காமல் இறந்தார். பயப்படாமல் நிற்க அவருக்குப் பயிற்சி இல்லை என்பதா அதற்கு விளக்கம்? பாய்ந்து வரும் விலங்கைக் கண்டு மனிதன் பயப்படுவது குணக்கேடு இல்லை. அந்தப் பயத்துக்கு வேலை இல்லாமல் செய்ய வேண்டியது நாயை வைத்திருப்பவரின் பொறுப்பு.

அன்பு காட்டினால் கடிக்காது என்பதற்கும் பதில் இருக்கிறது. 2022 ஜூலையில் லக்னோவின் கைசர்பாக்கில் 82 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கடித்துக் கொன்ற பிட்புல், அவருடைய சொந்த மகன் வளர்த்தது. அதே வீடு. சோறு வைத்த வீட்டிலேயே நடந்தது, தெருவில் போகிறவர் நீட்டும் பிஸ்கட்டால் நடக்காது என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறார்?

‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று கேட்டில் தொங்கும் போர்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அது கேட்டின் உள்பக்கத் தாழ்ப்பாளுக்கு நேர் மேலே இருக்கும். அதாவது, கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிறவர்தான் அதைப் படிக்கப் போகிறவர். கட்டுரையாளருக்கு இந்தப் போர்டு, உரிமையாளர் எவ்வளவு பொறுப்பானவர் என்பதற்குச் சான்று, முன்கூட்டியே எச்சரித்துவிட்டாராம். எனக்கு அது வாக்குமூலம். என் நாய் ஆபத்தானது என்று எனக்குத் தெரியும் என்று அவரே பெயின்ட்டில் எழுதி மாட்டியிருக்கிறார். நாளை ஏதாவது நடந்தால், ‘எங்க டைகர் ஒண்ணும் செய்யாதுங்க, இப்படிப் பண்ணும்னு கனவுலகூட நினைக்கல’ என்று சொல்ல அவருக்கு வாயில்லை.

அந்தத் தாழ்ப்பாளைத் தள்ளுகிறவர்கள் யார்? பால் பாக்கெட் போடும் அம்மா, தண்ணீர் கேன் தூக்கி வரும் பையன், மின் கணக்கெடுக்க வருபவர், குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர், வீட்டு வேலைக்கு வருபவர், கூரியர்க்காரர். யாரும் நாயோடு சிநேகம் வளர்க்க வருவதில்லை. நாள் ஒன்றுக்கு ஐம்பது அறுபது கேட்டுகளைத் திறந்து மூடுகிறவர்கள். கடி விழுந்தால் ஊசிக்காக முதல் நாள், பிறகு 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும். ஆழமான காயமானால் இம்யூனோகுளோபுலின் ஊசி தனி. போகிற ஒவ்வொரு நாளும் கூலி போகும். நாய் நேசத்தின் செலவை நாய் வளர்ப்பவர் ஏற்கட்டும் என்று சொன்னால் அது பிராணி விரோதமாம். அந்தச் செலவைப் பால் போடும் அம்மாவின் தலையில் கட்டுவதற்கு என்ன பெயர் என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாவது வாதம்தான் நம் ஊரில் எடுபடக்கூடியது: ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்க வேண்டியவர்கள், எழுத்தில் புகார் என்று போய்ப் பகையாக்கிக்கொள்ளாதீர்கள், அனுசரித்துப் போங்கள். அனுசரித்துப் போனதன் விலை என்ன என்பதை சான் பிரான்சிஸ்கோ நீதிமன்ற ஆவணங்களில் படிக்கலாம். டயான் விப்பிள் என்ற பெண், 2001 ஜனவரி 26 அன்று கடைச் சாமான்களோடு தன் அபார்ட்மென்ட் கதவருகே வந்தபோது, அதே தளத்தில் குடியிருந்த தம்பதி வைத்திருந்த இரண்டு பிரெஸ்ஸா கனாரியோ நாய்களிடம் சிக்கினார். சொந்த வாசலுக்கு முன்னால், கட்டடத்தின் நடைவழியிலேயே குதறப்பட்டார், பிறகு இறந்தார். அந்தத் தம்பதி இருவருமே வழக்கறிஞர்கள்.

வழக்கு விசாரணைக்கு வந்ததும், அந்த நாய்கள் எங்கள் மேல் பாய்ந்தன, உறுமின, துரத்தின என்று சொல்லச் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். விப்பிளையே அதற்கு முன் ஒருமுறை அவற்றில் ஒன்று கையில் கடித்திருந்தது. அவர் தன் துணைவியிடம் சொன்னார், அந்த நாய்கள் வரும் வழியில் போகாமல் ஒதுங்கினார், புகார் கொடுக்கவில்லை. கட்டுரையாளர் வேண்டுவது போலவே அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அனுசரித்துத்தான் போனார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு சம்பவம் இருந்தது, எதுவும் காகிதத்தில் ஏறவில்லை. ஒருவர் செத்த பிறகுதான் அந்தச் சம்பவங்களெல்லாம் சாட்சியமாயின. அன்று நாய்களைப் பிடித்திருந்த மார்ஜரி நோலர் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்று முடிவானது. தன் நாய்கள் உயிரை எடுக்கக்கூடியவை என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் விட்டார் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அடுத்தது, சட்டத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை, கடிக்காத நாயின் மேல் யார் என்ன நடவடிக்கை எடுக்க முடியும் என்ற கேள்வி. காவல் நிலையத்தில் நடக்கும் உரையாடலை அப்படியே எடுத்துத் தத்துவமாக்கியிருக்கிறார். ‘கடிச்சுதா?’ ‘இன்னும் இல்ல சார்.’ ‘அப்ப கடிச்ச பிறகு வாங்க.’ இந்த உரையாடல் எந்த ஊர் நிலையத்திலும் நடக்கும். ஆனால் அது சட்டம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு: தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நேர்ந்த கடியைப் பற்றி அந்தப் பிரிவு பேசவே இல்லை. நேரக்கூடிய ஆபத்தைத்தான் பேசுகிறது. இது நேற்று வந்த பிரிவும் இல்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக, 1,000 ரூபாய் அபராதத்தோடு இருந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்திலேயே கடி விழும்வரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை.

இது நீதிமன்றப் பிடிவாரண்ட் இல்லாமலே போலீஸ் எடுத்து விசாரிக்கக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013இல் சொல்லிவிட்டது. ‘இது பக்கத்து வீட்டுத் தகராறு, சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்ப எந்த இன்ஸ்பெக்டருக்கும் உரிமை கிடையாது. அனுப்பினால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவுப்படி அதே புகாரைத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கேயும் அசையவில்லையா, மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

இதைவிடக் கூர்மையான பிரிவு ஒன்று இருக்கிறது. அதே சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133. ஆபத்தான விலங்கைக் கட்டுக்குள் அடைக்கவோ, அப்புறப்படுத்தவோ, கொல்லவோ ஆணையிடும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் அது பெயர் சொல்லித் தருகிறது. போலீஸ் அறிக்கை வந்தால்தான் என்றில்லை, வேறு வகையில் தகவல் கிடைத்தாலும் போதும். நீங்கள் கொடுக்கும் மனுவும் தகவல்தான். முறைப்படி பிறப்பித்த ஆணையை உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கவும் முடியாது. கேட்டில் ஒரு தாழ்ப்பாள், சுவர்மேல் இரண்டடி கம்பிவேலி, வெளியே வந்தால் வாய்மூடி என்று ஒரு கோட்டாட்சியர் ஒரு பக்கத்தில் ஆணையிட்டால் பல தெருக்களின் சிக்கல் அன்றே தீரும். அந்தப் பக்கம் எழுதப்படுவதில்லை. சட்டத்தைக் கண்டால் அதிகாரியைக் காணோம், அதிகாரியைக் கண்டால் சட்டத்தைக் காணோம்.

மாநகராட்சிக்கு அதிகாரம் இல்லை என்பதும் கதை. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம், தடுப்பூசி கட்டாயம். உரிமம் எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் கெடு வைத்து அறிவித்தார்கள். அந்த டிசம்பரில், பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனிமேல் புதிதாக உரிமம் கிடையாது என்றும் முடிவெடுத்தார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நுங்கம்பாக்கம் குழந்தை குதறப்பட்டது 2024 மே. உரிமையாளர் கைதாகி, காவல் நிலையப் பிணையிலேயே வெளியே வந்தார். 2025 ஆகஸ்ட் 19 அன்று ஜாஃபர்கான்பேட்டையில் பக்கத்து வீட்டு பிட்புல் கடித்து 55 வயதுக்காரர் ஒருவர் உயிரை விட்டார். அதற்கும் சில மாதம் கழித்துத்தான் முடிவு வருகிறது. அதிகாரம் இல்லாததால் ஒன்றரை ஆண்டு ஆகவில்லை. கேட்பாரில்லாததால் ஆனது. கேட்காதீர்கள் என்றுதான் கட்டுரையாளர் உபதேசம் செய்கிறார்.

இனத் தடையைப் பற்றி அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்: அது முழுத் தீர்வு இல்லை. 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையை, உரியவர்களைக் கலந்து பேசவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. தவிர, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் வளர்ந்தால் பட்டியலில் இல்லாத நாயும் கடிக்கும். அதனால்தான் 291ஆம் பிரிவில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. எந்த விலங்கானாலும் வைத்திருப்பவர் பொறுப்பு என்கிறது. இனத் தடை தப்பு என்று நிரூபித்துவிட்டால் பொறுப்பும் போய்விடும் என்று கட்டுரையாளர் நினைப்பது அவருடைய ஆசை.

பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தையும் அவர் துணைக்கு அழைக்கிறார். 1960ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 11ஆம் பிரிவை அவர் முழுக்கப் படித்ததாகத் தெரியவில்லை. சங்கிலியில் கட்டியே வைத்து, அல்லது இடுக்கில் அடைத்து வைத்து, நடமாட விடாமல் நாயை வளர்ப்பதும் அதில் வதைதான். நாள் முழுக்க மாடிப்படிக்குக் கீழே கட்டிக் கிடந்து, ராத்திரியில் காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிடப்படும் நாய் மூர்க்கமாகாமல் வேறு என்ன ஆகும்? முதல் தடவை குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்பது தனிக் கேலிக்கூத்து. நாயின் மேல் இத்தனை கரிசனம் உள்ளவர் அந்தப் படிக்கட்டு நாய்க்காக ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் உரிமையாளரைக் குறை சொல்ல வேண்டிவரும்.

இனி, அந்தக் கட்டுரையிலேயே மிகக் கேவலமான இடம். இன்று மனு கொடுப்பவன்தான் நாளை விஷம் வைப்பான் என்கிறார். நடப்பது இதற்கு நேர் எதிர். மனு கொடுத்தவனுக்குப் பதில் கிடைக்காத தெருவில்தான் யாரோ ஒருவன் இறைச்சியில் எதையாவது கலந்து சுவருக்கு அப்பால் எறிகிறான். அது கொடுமை, குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. செய்தவன் உள்ளே போக வேண்டியவன்தான். ஆனால் மேசையில் தூங்கிய மனுதான் அந்த இடத்துக்குக் கொண்டுவிட்டது. மனுவை மதிக்கும் ஊரில் விஷத்துக்கு வேலை இல்லை. நாயைக் காப்பாற்ற வேண்டும் என்று மெய்யாகவே நினைக்கிறவர், புகார் கொடுப்பவரின் பக்கம் நிற்க வேண்டும்.

ஆகவே, பக்கத்து வீட்டு நாயால் தவிக்கிறவர்களுக்கு, கட்டுரையாளரின் பிஸ்கட்டுக்குப் பதிலாக இதைச் சொல்கிறேன். முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை; ஆனால் பேசிய தேதியைக் குறித்து வையுங்கள். நாய் கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், பார்த்தவர் யார் என்று எழுதுங்கள். உங்கள் வாசலில் நின்று போனில் படம் எடுங்கள். சென்னை என்றால் மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். மற்ற ஊர்களில் ஆணையருக்கோ ஊராட்சிக்கோ ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். போலீஸில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்தில் கொடுங்கள், 291 என்று பிரிவையும் போடுங்கள், குறைந்தது புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கையில் இல்லாமல் படியிறங்காதீர்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், 152ஆம் பிரிவின் கீழ் ஆணை வேண்டும் என்று தலைப்பிட்டு ஆட்சியரிடம் மனு கொடுங்கள். பதில் இல்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவு: என் மனு இப்போது எந்த அதிகாரியின் மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது? முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ‘தனிப்பட்ட விரோதம்’ என்ற பேச்சும் அடிபட்டுப் போகும்.

இந்தக் காகிதங்களால் நாய் நாளைக்கே சாதுவாகிவிடாது. ஆனால் ‘எங்கள் கவனத்துக்கு வரவில்லை’ என்ற வாக்கியத்தை அதிகாரிகளிடமிருந்தும், ‘எனக்குத் தெரியாது’ என்ற வாக்கியத்தை உரிமையாளரிடமிருந்தும் இவை பிடுங்கிவிடும். அந்த இரண்டு வாக்கியங்களை நம்பித்தான் இருவரும் சும்மா இருக்கிறார்கள். தெருநாய் வழக்குகளில் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று இழப்பீட்டை நிர்ணயித்து, அதற்கு அரசைப் பொறுப்பாக்கியது. நீதிமன்றங்கள் பல் தடங்களை எண்ணத் தொடங்கிவிட்டன. கைவசம் காகிதம் இருப்பவருக்குத்தான் அந்தக் கணக்கு உதவும்.

கட்டுரையாளருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவுரையைக் கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு எழுதாதீர்கள். உள்ளே இருப்பவருக்கு எழுதுங்கள்: உரிமம், ஊசி, தாழ்ப்பாள், சங்கிலி, வாய்மூடி என்று ஐந்து சொற்களில் முடிந்துவிடும். இன்னொன்றைக் கோட்டாட்சியருக்கு எழுதுங்கள், அதற்கு ஒரு பிரிவு எண் போதும். இரண்டையும் எழுத மனம் வராவிட்டால், உங்கள் அன்பு நாயின் மேல் இல்லை, நாய் வைத்திருப்பவரின் சௌகரியத்தின் மேல்தான் என்று முடிவு கட்ட வாசகருக்கு முழு உரிமை உண்டு.